மூக்கு இல்லாமல் குடித்த கூழ்

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். 2021 ஓகஸ்ட் கடைசியில் கொரோனா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டுப்போனது. மணம் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மாதம் திரும்பவில்லை.

அது பிடிபட்டது ஒடியல் கூழில்தான். மாமி நண்டு, இறால், பயிற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பிலாவிலை கோலித் தந்தார். புளி தெரிகிறது, உப்புத் தெரிகிறது, உறைப்பு உச்சிக்கு ஏறுகிறது. கூழைத்தான் காணவில்லை! நண்டும் மரவள்ளிக்கிழங்கும் பல்லுக்கு மட்டும் வேறு வேறு. "என்ன தம்பி, வாய்க்குப் பிடிக்கேல்லையோ?" என்று மாமி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி (இறைச்சிச் சாறு போன்ற சுவை) என்று ஐந்துதான் தெரியும். நண்டை நண்டென்று சொல்வது, மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும் மணம். தடிமன் பிடித்தால் சோறு சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

அப்புறம் மாமி தூளுக்குச் செத்தல் வறுத்த நாள். எனக்கு மணம் துளியும் இல்லை. ஆனால் எல்லாரோடும் சேர்ந்து நானும் தும்மித் தும்மி, கண்ணீர் வடிய முற்றத்துக்கு ஓடினேன். உறைப்பு சுவையும் இல்லை, மணமும் இல்லை; சூட்டையும் நோவையும் சொல்லும் நரம்பின் வேலையாம். சூடு 43 பாகை செல்சியஸைத் தாண்டினால் விழிக்கும், அந்த நரம்பின் நுனியில் உள்ள அதே உணர்வாங்கியைத்தான் மிளகாயின் உறைப்புப் பொருளான கப்சைசினும் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு அந்த ஒக்டோபரிலேயே நோபல் பரிசு அறிவித்தார்கள். செய்தி வாசித்தபோது எனக்கு மூக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

வந்ததும் கோணலாகத்தான் வந்தது. கோப்பி, ரயர் எரித்தது போல மணத்தது. விளக்கீட்டன்று அணைந்த திரியின் புகைதான் முதலில் சரியாகப் பட்டது. மாமிக்குச் சொன்னேன். அடுத்த நாளே கூழ்.

*

பதில்: உங்களுக்கு மூக்கு, எங்கள் அப்பாவுக்குக் காது. பருத்தித்துறைப் பக்கம் நாங்கள். மணம் பிடிக்கும் நரம்புக் கலங்கள் திரும்ப முளைக்கும். உட்செவியின் மயிர்க் கலங்கள் போனால் போனதுதான். காதுக் கருவி மாட்டிய முதல் நாள் அப்பா வளவில் நின்று, "மழை வருது, உடுப்பை எடு பிள்ளை" என்றார். வெயிலோ கொளுத்துகிறது. காற்றில் பனையோலை உரசிய சத்தம் அது! கீச்சென்ற, சரசரவென்ற சத்தங்கள்தான் முதுமையில் முதலில் போகும். பல வருடம் கேட்காததற்கு மூளை கைக்கு வந்த பெயரை வைத்துவிட்டது.

இப்போது ஓலையும் மழையும் அவருக்குப் பிரிந்து கேட்கிறது. அம்மா கணக்குக் கேட்கத் தொடங்கினால் மட்டும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறார்.