பழவேற்காடு டச்சுக் கல்லறை: உள்ளே போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்காற்று:
போய் வந்து நாலு மாதம் ஆகிறது. வாசலில் இரு பக்கமும் நிற்கும் எலும்புக்கூடுகளை எல்லோரும் படம் எடுத்திருப்பீர்கள், அதை விடுங்கள். உள்ளே ஒரு பலகைக்கல்லில் என் மகள் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயது. வெயிலில் கல் கதகதவென்று இருந்தது. புடைப்பாகச் செதுக்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தவள், "இவங்க அம்மா வந்து பார்த்தாங்களாப்பா?" என்று கேட்டாள். ஹாலந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்து, இங்கே காய்ச்சலிலோ வேறெதிலோ செத்த மனிதர். சேதி போய்ச் சேரவே எத்தனை காலம் ஆகியிருக்கும்! பதில் சொல்ல முடியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அந்தக் கேள்வி போகவில்லை.

முகத்துவாரம்:
ஏரிக்காற்று அண்ணா, குழந்தை கேட்டது சரி. ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அம்மா ஊர் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது, சுற்றி அகழி மட்டும் தெரிகிறது. 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகரம். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் பதாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எங்கே போய்ப் பார்த்தார்கள்? போன மாசியில் ஒரு கல்லின் குடும்பச் சின்னத்துக்கு முன்னால் நின்றேன். தலைக்கவசம், கொடிவேலை, அத்தனை நுணுக்கம். கப்பலேறியவர்களில் ஒருவர் பெயர்கூட இந்த ஊரில் எந்தக் கல்லிலும் இல்லையே என்று நெஞ்சு அடைத்தது. அதற்காகக் கல்லறையை இடிக்கச் சொல்லவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

கல்வாசகன்:
இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். என் கதை சின்னது: உச்சிவெயிலில் போய் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் திரும்பினேன். மறுபடி சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனால், சாய்ந்த வெயிலில் எழுத்தெல்லாம் எழுந்து நிற்கிறது. அதனால் சொல்கிறேன், போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். மேகம் போட்டால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் தேய்க்காதீர்கள். உப்புக்காற்று தின்றது போதும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மிச்சமும் உதிரும். 'ஹியர் லெய்ட் பெக்ராவன்' என்று டச்சில் தொடங்கினால் 'இங்கே புதைக்கப்பட்டிருப்பவர்' என்று அர்த்தம். 'ஒபீட்' என்றால் இறந்தார், 'ஏட்டாட்டிஸ்' என்றால் வயது. இந்த இரண்டும் லத்தீன்தான், பயப்பட வேண்டாம். அப்புறம், முதலில் வயதைத் தேடுங்கள். பெயரைவிட அதுதான் ஆளைக் காட்டும்.

ஏரிக்காற்று:
முகத்துவாரம், நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. அடுத்த முறை மகளைக் கோட்டை அகழிக்கும் கூட்டிப்போகிறேன். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று இப்போதிருந்தே யோசிக்கிறேன். கல்வாசகன், அந்தக் கல்லில் வயது போட்டிருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.