போர்டு, பேனர் விதிகளால் உங்களுக்கு நடந்தது என்ன?

காந்திரோடு மெடிக்கல்
எங்கள் கடை எந்தப் பக்கம் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருகிறவர்களில் நிறையப் பேர் கொல்கத்தா, அசாம், வங்கதேசம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், அதனால் அப்பா காலத்திலிருந்தே போர்டில் வங்காள எழுத்துதான் பெரிது. கடைப் போர்டில் எழுத்து அளவுக்கு அந்த 5:3:2 கணக்கு தெரியும் இல்லையா, தமிழ் 5 பங்கு, இங்கிலீஷ் 3, மற்ற மொழி 2. அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன், புது ஏசிபி ஷீட், எல்இடி எழுத்து. அப்புறம் ஒரு நாள், அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பையன் போர்டுக்கு நேர் கீழே நின்று, போனை நீட்டி இந்தக் கடை எங்கே என்று என்னிடமே கேட்டான். போனில் இருந்தது எங்கள் கடைப் பெயர்தான், வங்காளத்தில். நாற்காலியில் அந்த அம்மா வெயிலுக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ கட்டிய பிளக்ஸ் விசேஷம் முடிந்து எத்தனையோ நாளாகத் தொங்குகிறது, அதை எந்த டேப்பும் அளக்கவில்லை.

பிளக்ஸ் கடைத் தம்பி
அண்ணே, அந்தக் காதுகுத்து நான் அடித்ததாக இருக்காது என்று நம்புகிறேன். எங்கள் பக்கத்துக் கதை வேறு. பேனரின் அடியில் அனுமதி எண், எத்தனை நாளைக்கு, அச்சடித்தவர் பெயர் எல்லாம் போட வேண்டும். பேனர் தப்பான இடத்தில் இருந்தால் கட்டினவனுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும், ஏனென்றால் பெயர் இருப்பது என்னுடையது. போன ஆடியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் தாய்மாமன் வந்தார். அனுமதி வாங்கியாச்சா மாமா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து, இதில் இருக்கிற நம்பரைப் போடு என்றார். பார்த்தால் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ கொடுத்த அனுமதி, தேதியும் போன வருஷத்தது. “நம்பர் நம்பர்தானேப்பா, யார் படிக்கப் போறா?” என்றாரே பார்க்கலாம்! நான் மாட்டேன் என்றதும் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை அதே பெண் குழந்தை, அதே மாமன், பன்னிரண்டு அடியில் தெருமுனையில் நிற்கிறார்கள். அடியில் நம்பரும் இல்லை, அச்சகமும் இல்லை.

சத்துவாச்சாரி ரவி
முதலில் எழுதியவருக்கு. தமிழ்நாட்டில் கடை வைத்துவிட்டு தமிழ் பெரிதாக இருக்கக் கூடாது என்றால் எப்படி சார்? அந்த 2 பங்கில் வங்காளம் எழுத யாரும் தடுக்கவில்லையே. என் அனுபவம் சின்னது: சர்வீஸ் ரோட்டில் பேனர் கட்டிய கயிறு தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிளோடு விழுந்தது, முழங்காலில் அடி. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறிய சம்பவம் அன்றைக்குப் பூராவும் மனதில் ஓடியது.

சரி, இதைப் படிக்கிற கடைக்காரர்கள் கவனியுங்கள். 2023-இல் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் புதிதாக வந்தாச்சு, பழைய ஞாபகத்திலேயே இருக்காதீர்கள். மொட்டை மாடியையோ காலி மனையையோ விளம்பரப் பலகைக்கு வாடகைக்கு விடுகிறவர்கள், ஏஜென்சி சொல்கிற “எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்பதை நம்ப வேண்டாம். இட உரிமையாளர் சம்மதம், வரைபடம், போக்குவரத்துப் போலீஸ் தடையின்மைச் சான்று, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். உரிமத்தில் கடைசித் தேதி எது என்று பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். உரிமம் இல்லாமல் வைத்தால் 3 வருஷம் வரை ஜெயில் அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அரசே அறிவித்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில், பலகை விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்காது.

காந்திரோடு மெடிக்கல்
ரவி சார், தமிழ் பெரிதாக இருக்கக் கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? போர்டை மாற்றிக் காசும் கொடுத்தாச்சு. அந்த 2 பங்கு எழுத்து ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது என்றுதான் சொல்கிறேன். இப்போது வாசல் கண்ணாடியில் உள்பக்கமாக வங்காளத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அதற்கும் டேப் வருமா தெரியவில்லை.

ஏணி மேல் இருப்பவன்
ரவி அண்ணா, அந்த இன்ஜினியர் கையெழுத்தைப் பற்றிச் சொன்னீர்களே. நான் ஹோர்டிங் பிட்டர், பெரிய விளம்பரப் பலகைகளில் ஏறி வேலை பார்க்கிறவன். 2023 ஜூனில் கோவை பக்கம் கருமத்தம்பட்டியில் பலகை சரிந்து மூணு தொழிலாளிகள் செத்தார்களே, அதற்கு அடுத்த கோடையில் பெங்களூரு ஹைவேயில் பள்ளிகொண்டா தாண்டி ஒரு பலகையின் மேலே நின்று பிளக்ஸை மாற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் திடீரென்று புழுதிக் காற்று. பிளக்ஸில் இரண்டு பக்கம்தான் கட்டியிருந்தோம், பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு மொத்த பிரேமையும் இழுக்கிறது, காலுக்குக் கீழே ஆங்கிள் கிறீச் என்கிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், கத்தியால் கிழித்துக் காற்றை வெளியே விட வேண்டும். நான் கத்தியை எடுத்ததைப் பார்த்துவிட்டு கீழே இருந்து ஆள் கத்துகிறார், “டேய் கிழிக்காதடா, நாளைக்கு ஓப்பனிங்!” கிழித்தேன். பிளக்ஸில் ஒரு பக்கம் இருந்த மூஞ்சி இரண்டாகப் போயிற்று, பிரேம் நின்றது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கும் ஒரு சான்று இருந்தது அண்ணா. கையெழுத்துப் போட்டவர் மேலே ஏறி போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள், நகல் வைத்துக்கொள்வது அப்புறம்.

சத்துவாச்சாரி ரவி
அதைத்தான் தம்பி நானும் சொல்ல வந்தேன். உனக்கு பெல்ட், ஹெல்மெட் கொடுத்தார்களா? இல்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுது. எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறேன், முதலில் பெறுநர்...

பிளக்ஸ் கடைத் தம்பி
அண்ணா, அவர் கூலியைப் பிடித்த கதையைச் சொல்கிறார், நீங்கள் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள்!