யூஎஸ்பி-சி சொல்டறிங் அயன் வீட்டு வேலைக்குக் காணுமோ?

நாவற்குழி_பெடியன்
வணக்கம். எனக்கு எண்டு தனி மேசை இல்லை. எல்இடி பல்ப், ரிமோட், ஹெட்செட் வயர், போன் சார்ஜிங் பின், பைக் இண்டிகேட்டர் வயர், உவ்வளவுதான் வேலை. யூஎஸ்பி-சி அயன் ஒண்டு எடுக்க யோசிக்கிறன். 65 வாட் லப்டொப் சார்ஜர் கையில கிடக்கு. கடையில கேட்டால் "உது விளையாட்டுச் சாமான், ஸ்ரேசன் எடு" எண்டுகினம், மேசையில வைச்சுப் பாவிக்கிற அயன் செற்றைத்தான் சொல்லினம். எது சரி?

கொக்குவில்_சேர்க்கிட்
கடைக்காரர் சொல்லுறது 5 வோல்ட் பேனை அயனுக்குச் சரி. அது 8 வாட், சூட்டுக் கட்டுப்பாடும் இல்லை. ஹெட்செட் வயருக்கு மேல அதால ஒண்டும் ஏலாது, அதை விடுங்கோ.

பைன்சில், டீஎஸ்101 மாதிரியான யூஎஸ்பி-சி அயன் வேற. பவர் டெலிவரி எண்ட முறையில சார்ஜரோட பேசி 20 வோல்ட் எடுக்கும். நீட்டுப் பிட் (சூடேறுற முனை) 8 ஓம், அப்ப 20×20÷8 = 50 வாட். குட்டைப் பிட் 6.2 ஓம், 64 வாட். அதே குட்டைப் பிட்டை 9 வோல்ட் மட்டும் தாற போன் சார்ஜரில குத்தினால் 13 வாட்தான். சார்ஜரில "120 வாட்" எண்டு எழுதியிருந்தாலும் நம்பேலாது. சிலது தன்ர கொம்பனி போனுக்கு மட்டும்தான் அந்த வாட்டைக் குடுக்கும்.

கேபிளும் பாருங்கோ. ஒரு பக்கம் யூஎஸ்பி-ஏ, மற்றப் பக்கம் சி உள்ள கேபிளில 20 வோல்ட் வரவே வராது. ரெண்டு பக்கமும் சி உள்ள சாதாரண கேபிள் 3 அம்பியர், அதாவது 60 வாட் மட்டும். அதுக்கு மேல வேணுமெண்டால் சிப் வைச்ச 5 அம்பியர் கேபிள். அயனின்ர ஸ்கிரீனில உள்ளுக்கு வாற வோல்ட்டைப் பார்க்கலாம். அதில 20 நிக்காட்டில் அயனைத் திட்டாதேங்கோ.

ஸ்ரான்லி_மேசை
கணக்கிலை பிழை இல்லை. டீ12 ஸ்ரேசனும் 8 ஓம் பிட்தான், 24 வோல்ட்டில 72 வாட். ஹீட்டரும் சென்சரும் பிட்டுக்குள்ளேயே இருக்கிறதும் ரெண்டிலயும் ஒண்டு. என்ர மறுப்பு வாட்டில இல்லை, எர்த்தில.

ரெண்டு பின் சார்ஜருக்குள்ள 230 வோல்ட் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைச்சு ஒரு வை கப்பாசிற்றர் இருக்கும். அதால பிட் எர்த்தில நிக்காமல் மிதக்கும். மல்ரிமீற்றரை ஏசியில வைச்சு பிட்டுக்கும் எர்த்துக்கும் இடையில பாருங்கோ, பாதி மெயின்ஸ் அளவில காட்டும். கரண்ட் ஒரு மில்லி அம்பியருக்கும் கீழதான், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் சேர்க்கிட் போர்ட் கொம்பியூட்டரோட கேபிளில கொழுவியிருக்கேக்க பிட்டை வைச்சால் அந்தக் கசிவு ஐசியின்ர கால் வழியாய்த்தான் எர்த்துக்குப் போகும். மொஸ்ஃபெட் எண்ட ட்ரான்சிஸ்ரரின்ர கேற் காலைக் கெடுக்க அது போதும். மூண்டு பின் ஸ்ரேசனில பிட் நேராய் எர்த்தில நிக்கும், இந்தக் கேள்வியே வராது.

கொக்குவில்_சேர்க்கிட்
உது நியாயமான குறை, மறைக்கேல்லை. ஆனால் வழி இருக்கு. முதலாவது, வேலை செய்யிற போர்ட்டில வேற ஒரு கேபிளும் கொழுவக் கூடாது. இது ஸ்ரேசனுக்கும் பொருந்தும். ரெண்டாவது, பவர் பாங்க். அதுக்கு மெயின்ஸோட தொடர்பே இல்லை, கசிவும் இல்லை. மூண்டாவது, டீஎஸ்101க்கு முந்தின மொடலான டீஎஸ்100 பிடியின்ர பின்பக்கம் எர்த் திருகு இருக்கு. அதிலயிருந்து 1 மெகாஓம் ரெசிஸ்ரர் வழியாய் எர்த்துக்கு ஒரு வயர் எடுத்தால் ஸ்ரற்றிக் இறங்கிப் போகும். கப்பாசிற்றர் கசிவை அது முழுக்க அடக்காது. அதுக்கு நேர் எர்த் வேணும், இல்லாட்டி பவர் பாங்க்.

பவர் பாங்க் எண்டால் கரண்ட் போன நேரத்திலயும் வேலை நடக்கும். 2022 மார்ச் கடைசியில இலங்கையில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், ஸ்ரேசன் வைச்சிருந்தவை என்ன செய்யிறது? 20,000 மில்லி அம்பியர்-மணி எண்டால் 74 வாட்-மணி. மாத்தேக்க போற நட்டத்தைக் கழிச்சாலும் ஒரு பின்னேர வேலைக்குக் காணும். ஒரு சிக்கல் இருக்கு. அயன் தூங்கினவுடன கரண்ட் குறைய, பவர் பாங்க் தானாய் நிண்டிடும். அயனுக்குள்ள ஓடுற அயன்ஓஎஸ் மென்பொருளில பவர் பல்ஸ் செற்றிங்கைப் போட்டால் இடைக்கிடை கொஞ்சம் இழுத்து அதை முழிப்பாய் வைச்சிருக்கும்.

ஸ்ரான்லி_மேசை
பின்னேர வேலைக்குச் சரி. நாள் முழுக்க வேலைக்கு? அயன் 30 கிராம் அளவில, கேபிளோ முறுக்கின கயிறு. கை எடுத்தவுடன கேபிள் அயனை ஸ்ராண்டிலயிருந்து இழுத்து விழுத்தும். பிவிசி கேபிளில 350 டிகிரி பிட் பட்டால் உள் வயர் வெளிய வந்திடும்.

கொக்குவில்_சேர்க்கிட்
சிலிக்கன் கேபிள் எடுங்கோ, ரெண்டு பிரச்சினையும் முடிஞ்சுது. பாரமான ஸ்ராண்டும் வேணும். அதில விட்டுக்குடுக்கேலாது.

குருநகர்_வள்ளம்
கரைப்பக்க வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு விஷயம். பைன்சிலின்ர டிசி சொக்கற்றுக்கு வள்ளத்து 12 வோல்ட் பற்றறியை நேராய்க் குடுக்கலாம். 6.2 ஓம் பிட்டில 23 வாட் வரும். ஜிபிஎஸ் பிளக், எல்இடி லைற், சின்ன வயர் எல்லாம் பிடிக்கும். 4 மில்லிமீற்றர் வயருக்கு, அதுவும் காத்து வீசேக்க, பிடிக்கவே பிடிக்காது. செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு போயிடும்.

இன்னொண்டு, கடல் காத்துப் பட்ட போர்ட்டில பச்சை பூத்திருக்கும். அதுக்கு மேல ஈயம் ஒட்டாது. ஒட்டேல்லை எண்டு சூட்டை 450க்கு ஏத்துறதுதான் எல்லாரும் விடுற பிழை. பிளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசுற பசை) கருகும், போர்ட்டில ஈயம் பிடிக்கிற செம்புப் பாட் கழண்டு வரும். முதல்ல ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பல் பிரஷும் போட்டு செம்பு நிறம் தெரியுமட்டும் துடையுங்கோ. பிறகு பிளக்ஸ், பிறகு 340. எந்த அயன் எண்டாலும் இதுதான்.

ஸ்ரான்லி_மேசை
துடைக்கிறதில உடன்பாடு. ஆனால் வள்ளத்து மெயின் வயரைச் சொல்டர் பண்ணவே கூடாது. ஈயம் நூல் வயருக்குள்ள ஏறி, ஏறின இடம் கம்பி மாதிரி விறைக்கும். அதிர்வில அந்த விளிம்பில முறியும். நெரிச்சுப் பிடிக்கிற கிரிம்ப் லக் அடிச்சு, உள்ளுக்கு பசை உள்ள ஹீற் ஷ்ரிங் (சூட்டில சுருங்குற குழாய்) போடுங்கோ. தம்பியின்ர பைக் வயருக்கும் இதே கதைதான்.

குருநகர்_வள்ளம்
மெயின் வயருக்கு ஓம். 0.5 மில்லிமீற்றர் சிக்னல் வயரைச் சொல்டர் பண்ணி, அதுக்குப் பின்னால ஒரு அங்குலத்தில கேபிள் ரையால இறுக்கினால் முறியாது.

நாவற்குழி_பெடியன்
அண்ணையவை, சார்ஜிங் பின் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.

ஸ்ரான்லி_மேசை
சி பின்னில கால்கள் அரை மில்லிமீற்றர் இடைவெளி. பழசைக் கழட்ட ஹொட் எயர்தான் வேணும். அயனால நெம்பினால் போர்ட்டின்ர செம்புத் தடமே உரிஞ்சு வந்திடும். யூஎஸ்பியோ ஸ்ரேசனோ, இதுக்கு ரெண்டும் காணாது.

கொக்குவில்_சேர்க்கிட்
கழட்டுறதுக்குச் சரி. ஆட்டம் கண்ட பின்னைத் திரும்ப இறுக்க அயனே காணும். கூட்டின்ர நாலு தடிச்ச காலும் கிரவுண்ட் செம்பில இறங்கியிருக்கு. கூர்ப் பிட்டை வைச்சால் ஈயம் பிட்டிலயே சாம்பல் உருண்டையாய்த் திரளும், காலுக்கு இறங்காது. தொடுற பரப்புக் காணாததால வாற வினை. டி24 தட்டைப் பிட்டைப் போட்டு, காலில பிளக்ஸ் வைச்சு, 360இல தட்டைப் பக்கத்தைக் காலோடயும் பாட்டோடயும் சேர்த்து அணையுங்கோ. கொஞ்சம் 63/37 ஈயம் (63 வீதம் வெள்ளீயம், 37 வீதம் ஈயம்) குடுங்கோ. போர்ட்டில முதலே இருக்கிற ஈயம் கலக்காத சொல்டர் 217க்கு மேலதான் உருகும், 63/37 183இல உருகும். ரெண்டும் கலந்தால் சூடு குறையவே இளகும். மூண்டு நாலு செக்கனில உருண்டை சரிஞ்சு, காலைச் சுத்திக் குழிவாய்ப் பளபளக்கும். அதோட கையை எடுங்கோ.

ஸ்ரான்லி_மேசை
அந்த நாலு செக்கன் எட்டானால் உள் பிளாஸ்ரிக் இளகி நாக்குச் சரியும். பழகாத கைக்கு முதல் வேலையாய் உதைச் சொல்லாதேங்கோ. பழைய போர்ட்டில நூறு ஜொயின்ட் போட்ட பிறகு பார்க்கட்டும். என்ர முடிவு மாறேல்லை, ஒரே இடத்தில வைச்சு வேலை எண்டால் ஸ்ரேசன். தம்பிக்கு மேசை இல்லையெண்டபடியால் யூஎஸ்பி எடுக்கட்டும், ஆனால் கூர்ப் பிட்டோட மட்டும் எடுக்க வேண்டாம்.

கொக்குவில்_சேர்க்கிட்
தட்டைப் பிட் ஒண்டு, 0.8 மில்லிமீற்றர் 63/37 ஈயம், ஜெல் பிளக்ஸ், பிட்டைத் துடைக்கிற பித்தளைச் சுருள், விக் (உருகின ஈயத்தை உறிஞ்சுற செம்புப் பின்னல்). உவ்வளவும் சேர்த்து வாங்குங்கோ. புதுப் பிட் முதல் தரம் சூடேறேக்கயே ஈயம் பூசவேணும். வெறுமையாய்க் காய்ஞ்சால் கறுத்து, ஈயம் பிடிக்காது. எமரித் தாளால தேய்ச்சால் மேல் இரும்புப் பூச்சுப் போயிடும், பிறகு பிட்டை எறியத்தான் வேணும்.

ஸ்ரான்லி_மேசை
தம்பி, எல்இடி பல்பைத் திறக்க முதல் ஒண்டு. ஹோல்டரிலயிருந்து கழட்டினாலும் உள்ள கப்பாசிற்றரில 325 வோல்ட் நிக்கலாம். 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்ரரை இன்சுலேசன் பிடியுள்ள குறட்டால பிடிச்சு, ரெண்டு காலிலயும் அஞ்சு செக்கன் வையுங்கோ. பிறகு மீற்றரை டிசியில வைச்சுப் பார்த்து, 5 வோல்ட்டுக்குக் கீழ எண்டால் மட்டும் அயனைக் கிட்டக் கொண்டு போங்கோ.