வீட்டு நெட்டுக்கு எந்த டிஎன்எஸ் நல்லது? பக்கமே திறக்கல, அவசரம்

தண்டையார்பேட்டை வாசி | இரவு 8:12
வீட்டுல நெட் ரொம்ப மோசமா இருக்கு. பக்கம் திறக்கவே மாட்டேங்குது. டிஎன்எஸ் (தளத்தோட பேருக்கு எண் தேடித் தர்ற சர்வர்) மாத்துனா சரியாயிடும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கூகுளோட 8.8.8.8 போட்டேன், ஒண்ணும் மாறல. எது போட்டா நல்லாருக்கும்? தம்பி தேர்வு விண்ணப்பம் போடணும், நாளைக்குக் கடைசி நாள். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வியாசை பையன் | 8:15
கிளவுட்ஃப்ளேர் கம்பெனியோட 1.1.1.1 போடுங்க ப்ரோ, ரெண்டாவது கட்டத்துல 1.0.0.1. நான் கண்ணை மூடிட்டு எல்லாருக்கும் இதைத்தான் சொல்றது. கிளவுட்ஃப்ளேருக்கு 2015லேருந்தே சென்னையில சர்வர் இருக்கு, பதில் பறந்து வரும்.

பெரம்பூர் லோகோ | 8:19
எது போடலாம்ங்கறது அப்புறம். என்ன கனெக்ஷன், ஃபைபரா ஹாட்ஸ்பாட்டா? 8.8.8.8ஐ எங்க போட்டீங்க, ரவுட்டர்லயா லேப்டாப்லயா? எல்லாப் பக்கமும் திறக்கலையா, சிலது மட்டுமா? ஃபோன்லயும் இப்படித்தானா?

காசிமேடு அலை | 8:22
டிஎன்எஸ் எல்லாம் ஒண்ணுமில்ல, லைனைப் பாருங்க. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி போறப்ப குறுக்க தொங்கற கேபிளை இழுத்துட்டுப் போறது வழக்கம். பெட்டியில சிவப்பு லைட் எரியுதா? கடல் பக்கம் வீடுன்னா உப்புக் காத்துல கனெக்டர் வேற அரிச்சிடும்.

பழைய மோடம் | 8:30
உதவி கேக்கறவங்க முதல்ல அடிப்படை தெரிஞ்சுக்கிட்டு வரணும். இந்த மன்றத்துல எத்தனை இழையில எழுதியிருக்கேன், யாரும் தேடிப் படிக்கறதில்ல. டிஎன்எஸ் மாத்தினா டவுன்லோடு வேகம் ஏறாது. பேரைக் குடுத்தா எண்ணைக் குடுக்கும், அதோட அது வேலை முடிஞ்சுது. கட்டளைத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து 8.8.8.8க்கு பிங் அடிங்க, அந்தப் பக்கத்துலேருந்து பதில் வருதான்னு பார்க்கற கட்டளை அது. பதில் வந்தா லைன் உயிரோட இருக்கு. அடுத்து ஏதாவது ஒரு தளத்தோட பேருக்கு பிங் அடிங்க. எண்ணுக்கு வந்து பேருக்கு வரலைன்னா மட்டும் டிஎன்எஸ் பத்திப் பேசலாம். ரெண்டுக்கும் வரலைன்னா கேபிள்காரரைக் கூப்பிடுங்க.

வியாசை பையன் | 8:33
அண்ணே, அவசரத்துல இருக்கறவர்கிட்ட பாடம் நடத்தாதீங்க.

தண்டையார்பேட்டை வாசி | 8:41
எங்க தெரு கேபிள்காரர் போட்ட ஃபைபர், வெள்ளைப் பெட்டி. சிவப்பு லைட் இல்ல. யூடியூப் நல்லா ஓடுது. வேற பக்கம் போனா சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் டக்குனு முழுசா திறந்துடுது. சில நேரம் திறக்கறதே இல்ல.

பெரம்பூர் லோகோ | 8:47
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும் சார். ரொம்ப நேரம் சுத்தி, பிறகு டக்குனு முழுசா திறக்குதுன்னா லைன் நல்லாருக்கு, பேர் தேடற இடத்துலதான் தாமதம். ஒரு செய்திப் பக்கம் திறந்தா படம், விளம்பரம், எழுத்துருன்னு பத்து இருபது வேற வேற பேருக்கு எண் தேடணும். ஒவ்வொண்ணும் தடுக்கினா பக்கம் முழுக்க நிக்கும். யூடியூபுக்குத் தேட வேண்டிய பேர் கம்மி. வீடியோ ஓட ஆரம்பிச்சதும் அந்த இணைப்பு அப்படியே நிக்கும், அதனால அங்க தெரியறதில்ல.

இன்னும் நீங்க சொல்லாதது: 8.8.8.8 எங்க போட்டீங்க?

காசிமேடு அலை | 8:50
உப்புக் காத்தையும் கணக்குல எடுத்துக்கங்க. எங்க வீட்டுல லேன் முள்ளு பச்சை பிடிச்சுப் போச்சு.

பழைய மோடம் | 8:56
செம்பு பச்சை பிடிக்கும், கண்ணாடி இழை பிடிக்காது. அவர் லேன் ஒயர் போட்டிருக்காரா வைஃபையான்னே இன்னும் தெரியல.

என் கருத்து: கேபிள்காரர் குடுக்கற டிஎன்எஸ்ஸையே வெச்சுக்கறது நல்லது. வீடியோ, படம் எல்லாத்தையும் பெரிய கம்பெனிகள் ஆபரேட்டர் நெட்வொர்க்குக்குள்ளயே நகல் சேமிக்கற கேஷ் பெட்டி வெச்சுக் குடுக்கறாங்க. ஆபரேட்டரோட டிஎன்எஸ் பக்கத்துப் பெட்டியைக் காட்டும். வெளியில கேட்டா தூரத்துப் பெட்டியைக் காட்ட வாய்ப்பு உண்டு. கூகுள் உங்க ஐபி முகவரியோட முன்பகுதியைச் சேர்த்து அனுப்பும், அதனால ஓரளவு சரியா வரும். கிளவுட்ஃப்ளேர் தனியுரிமைக்காக அதை அனுப்பாது.

வியாசை பையன் | 9:01
அந்த தனியுரிமைக்குத்தான் நான் அதைச் சொல்றது. நான் எந்தத் தளம் போறேன்னு தெரு கேபிள்காரருக்கு எதுக்குத் தெரியணும்?

ராயபுரம் மாடி | 9:06
கேபிள்காரருக்குத் தெரியக் கூடாது, அமெரிக்கக் கம்பெனிக்குத் தெரியலாமா தம்பி? அப்படிப் பார்த்தா 9.9.9.9 போடுங்க. குவாட்9 லாப நோக்கமில்லாத அமைப்பு, 2021ல சுவிட்சர்லாந்துக்கு மாறிட்டாங்க. கேக்கறவரோட ஐபி முகவரியைச் சேமிக்கறதில்லைன்னு சொல்றாங்க. மோசடித் தளங்களையும் அதுவே தடுத்துடும்.

பழைய மோடம் | 9:10
வெறும் 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 எது போட்டாலும் கேள்வி 53ஆம் போர்ட்ல (வாசல் எண் மாதிரி) திறந்த கடுதாசியாத்தான் போகுது. வழியில இருக்கற ஆபரேட்டர் படிக்கலாம், தானே பதிலும் சொல்லலாம். மறைக்கணும்னா குறியாக்கம் (என்கிரிப்ஷன்) வேணும். ஆண்ட்ராய்டு 9லேருந்து ஃபோன்லயே 'தனிப்பட்ட டிஎன்எஸ்' அமைப்பு இருக்கு, அது வழக்கமா 853ஆம் போர்ட்ல போகும். பிரவுசர்ல 'பாதுகாப்பான டிஎன்எஸ்' போட்டா 443. அதுக்கப்புறமும் எந்த சர்வரோட பேசறீங்கன்னு ஆபரேட்டருக்குத் தெரியத்தான் செய்யும்.

ராயபுரம் மாடி | 9:13
அதுக்காக எல்லாத்தையும் திறந்து போட்டுடலாமா? கதவுக்கு ஒரு தாழ்ப்பாளாவது வேணும்.

கொளத்தூர் அம்மா | 9:15
நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க. வேண்டாத தளம் வராம இருக்க டிஎன்எஸ்லயே வழி இருக்கா?

வியாசை பையன் | 9:17
இருக்குக்கா. 1.1.1.3, ரெண்டாவது 1.0.0.3. வைரஸ் தளமும் ஆபாசத் தளமும் தடுக்கும். 2020ல கொண்டுவந்தாங்க. ரவுட்டர்ல போட்டா வீட்டுல வைஃபை பிடிக்கற எல்லாத்துக்கும் பொருந்தும். மொபைல் டேட்டாவுக்கு மாறினா பொருந்தாது, அதை மட்டும் பார்த்துக்கங்க.

தண்டையார்பேட்டை வாசி | 9:24
ரவுட்டர்லதான் போட்டேன். 192.168.1.1 போயி, டிஹெச்சிபி (வீட்டு சாதனங்களுக்கு முகவரி குடுக்கற அமைப்பு) பக்கத்துல. லேப்டாப், ஃபோன் ரெண்டும் வைஃபை, ரெண்டுலயும் இதே கதை. ஃபோன்ல மொபைல் டேட்டா போட்டா நல்லா வருது. பிங் எண்ணுக்கு உடனே வருது. பேருக்கு ஒரு தடவை வருது, ஒரு தடவை வரல.

பெரம்பூர் லோகோ | 9:28
இப்ப தெளிவாச்சு. கட்டளைத் திரையில என்எஸ்லுக்அப் (nslookup)னு அடிச்சு, இடம் விட்டு, ஏதாவது ஒரு தளத்தோட பேரை அடிங்க. முதல் ரெண்டு வரியில என்ன வருதோ அதை அப்படியே இங்க போடுங்க. எந்த சர்வர்கிட்ட கேக்குதுன்னு அதுதான் சொல்லும்.

தண்டையார்பேட்டை வாசி | 9:33
சர்வர்: அன்நோன்
அட்ரஸ்: எஃப்இ80::1
அதுக்குக் கீழ, கோரிக்கை நேரம் கடந்தது, 2 செகண்ட்னு ரெண்டு தடவை வந்துச்சு. அப்புறம் பதில் வந்துச்சு.

பெரம்பூர் லோகோ | 9:40
பிடிச்சாச்சு சார். நீங்க போட்ட 8.8.8.8ஐ லேப்டாப் முதல்ல கேக்கறதே இல்ல. அது ஐபிவி4 (பழைய முகவரி முறை) பக்கத்துல போட்டது. உங்க வெள்ளைப் பெட்டி ஐபிவி6லயும் (புது முகவரி முறை) ஒரு டிஎன்எஸ்ஸை விளம்பரம் பண்ணுது, அது எஃப்இ80::1, அதாவது அந்தப் பெட்டியேதான். விண்டோஸ் அதை முதல்ல கேக்குது. பெட்டி கேள்வியை வாங்கி ஆபரேட்டரோட ஐபிவி6 டிஎன்எஸ்ஸுக்கு அனுப்புது, அங்கேருந்து பதில் வரல. 2 செகண்ட் காத்திருக்கு, திரும்பக் கேக்குது. உங்க பக்கம் சுத்தறது இந்த மாதிரி காத்திருக்கறதாலதான்.

ரெண்டு வழி இருக்கு. ரவுட்டர்ல லேன் அமைப்புக்குள்ள ஐபிவி6 டிஹெச்சிபி பக்கம் இருக்கும். அங்க டிஎன்எஸ் மூலத்தை 'நிலையானது'ன்னு மாத்தி கிளவுட்ஃப்ளேரோட 2606:4700:4700::1111 போடுங்க, ரெண்டாவதுக்கு கூகுளோட 2001:4860:4860::8888. பெட்டி விடலைன்னா லேப்டாப்லயே வைஃபை அடாப்டர்ல ஐபிவி6 பகுதியைத் திறந்து இதே எண்களைக் கையால போடுங்க. போட்டதும் வைஃபையை அணைச்சு ஆன் பண்ணுங்க.

விண்ணப்பம் நாளைக்கே போடணும்னா, எதுவும் நடக்காட்டி ஃபோன் டேட்டாவுல ஹாட்ஸ்பாட் போட்டு முடிச்சிடுங்க. கடைசி மணி நேரம் வரைக்கும் வெக்காதீங்க, அது ரொம்ப முக்கியம்.

பழைய மோடம் | 9:44
லோகோ சொன்னது சரி. ஐபிவி6ஐ ஒட்டுமொத்தமா அணைக்கச் சொல்லி யாராவது வருவாங்க, அதைச் செய்யாதீங்க. கேபிள்காரர் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருந்தா ஐபிவி6தான் உங்களுக்கு நேர் வழி.

வியாசை பையன் | 9:46
ரெண்டுலயும் கிளவுட்ஃப்ளேரே போடலாமே, எதுக்குக் கலக்கறீங்க?

பெரம்பூர் லோகோ | 9:49
ஒரு கம்பெனி பக்கம் கோளாறு வந்தா இன்னொண்ணு நிக்கும், அதுக்குத்தான். ஆனா ராயபுரம் மாடிக்கு ஒண்ணு சொல்லணும்: தடுப்பு உள்ளதையும் இல்லாததையும் கலக்கக் கூடாது. 9.9.9.9 பக்கத்துல 8.8.8.8 போட்டா, தடுக்க வேண்டியது ரெண்டாவது வழியா வந்துடும். கொளத்தூர் அம்மாவும் 1.1.1.3 கூட 1.0.0.3 மட்டும் போடணும். உங்க பெட்டியும் ஐபிவி6ல டிஎன்எஸ் குடுத்தா அங்கயும் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 போடுங்க. இல்லைன்னா தடுப்பு வேலை செய்யாது.

கொளத்தூர் அம்மா | 9:55
இது யாரும் சொன்னதில்ல. நாளைக்குப் பசங்க ஸ்கூல் போனதும் பார்த்துடறேன். நன்றி தம்பி.

தண்டையார்பேட்டை வாசி | 10:31
ரவுட்டர்ல அந்தப் பக்கம் பூட்டியிருக்கு. லேப்டாப்ல போட்டேன், உடனே திறக்குது. தம்பி விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கான். நன்றி.

திருவொற்றியூர் ரெண்டாவது தெரு | மறுநாள் காலை 7:20
எனக்கும் இதே எஃப்இ80::1தான் வருது, பெட்டியும் பூட்டுதான். டிவிக்கு எப்படிப் போடறது? அதுல ஐபிவி6 கட்டமே இல்ல.

பெரம்பூர் லோகோ | 7:48
டிவி பக்கம் கை வைக்க வேணாம். கேபிள்காரர்கிட்ட பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை பார்க்காம லைனை மட்டும் கடத்தறது) மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, பின்னால சொந்த ரவுட்டர் போட்டு அதுல டிஎன்எஸ் வைங்க. மாத்தறதுக்கு முன்னாடி லைனுக்கு லாகின் பண்ற பிபிபிஓஇ பயனர் பேரும் கடவுச்சொல்லும் எழுதி வாங்கிக்கங்க, அது இல்லாம புது ரவுட்டர் இணையாது.