புதுப்பிப்பு: அடாரி 2600 திரையில் ஓடிய பட்டைகள் நின்றுவிட்டன

அடாரி 2600 வீடியோ கேம் கன்சோலைப் போட்டால் டிவி படத்தில் இரண்டு கருப்புப் பட்டைகள் மெல்ல மேலேறுகின்றன என்று கேட்டிருந்தேன். உள்ளே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டரை மாற்றச் சொன்னீர்கள். முதலில் அளந்து பார்த்தேன். அதன்மேல் குற்றமில்லை, பழைய மாற்று அடாப்டரில்தான் கோளாறு.

தனியாக அளந்தால் அடாப்டர் 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டுகிறது. அந்த அளவை நம்பவே கூடாது. கன்சோலை ஓடவிட்டு, மீட்டரை ஏசி அளவில் வைத்தபோதுதான் ரிப்பிள், அதாவது டிசி மின்னழுத்தம் அலைபோல் ஏறி இறங்குவது, தெரிந்தது. அந்த அலையைச் சமன்செய்ய வேண்டிய அடாப்டரின் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கிறது. 7805 ஒழுங்காக 5 வோல்ட் தர, அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட் போக வேண்டும். அலை இறங்கும்போதெல்லாம் அது கிடைக்கவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த இறக்கம் நொடிக்கு 100 முறை வரும், பால் (PAL) முறை டிவியில் திரை 50 முறை வரையப்படும். இரண்டு பட்டைகளுக்குக் காரணம் அதுதான்!

இப்போது 9 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் போட்டிருக்கிறேன். படம் அருமையாக நிற்கிறது. வாங்குபவர்கள் பிளக்கின் நுனி பாசிட்டிவா என்று கட்டாயம் பாருங்கள்.