புதுப்பிப்பு: பள்ளித் தொழிற்பிரிவுத் தட்டச்சும் அரசுச் சான்றிதழும்

சென்னை அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு மாணவியான என் மகளுக்குப் பள்ளியில் கற்ற தட்டச்சே குரூப் 4 தட்டச்சர் பணிக்குப் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

போதாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனியே எழுத வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இங்கே கூறியதே சரியான வழி. பயிற்சி நிலையம் ஒன்றின் மூலம் விண்ணப்பித்து, நிமிடத்துக்கு 30 சொற்கள் என்ற வேகம் கோரும் ஆங்கில இளநிலைத் தேர்வில் அவள் தேறிவிட்டாள்.

எதிர்பாராதது ஒன்று: தேர்வு தட்டச்சுப் பொறியில்தான் நடந்தது. பள்ளியில் கணினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கு, குறிப்பாகச் சுண்டுவிரலுக்கு, அந்த அழுத்தம் கைவரவே நெடுநாள் ஆயிற்று. அடுத்து தமிழ் இளநிலைக்குப் பயிற்சி பெறுகிறாள்.