'ட்ரெமர்ஸ்' படத்து ஊரின் 14 பேரில் மருத்துவரும் அவர் மனைவியும் உண்டா?

கடைசிவரிசை:
சிற்றூர் ஒன்றை விலங்கோ பூச்சியோ வேற்றுக்கிரகப் பிராணியோ தாக்கும் நகைச்சுவைத் திகில் படங்களைப் பற்றி நண்பர் நள்ளிரவுக்காட்சி நேற்று இன்னொரு இழையில் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். "ஊர் என்பது மிருகத்துக்குத் தட்டில் வைத்த தீனி, தீனிக்கு முகம் எதற்கு?" என்பது அவர் திருவாக்கு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்காததால் தனி இழையே தொடங்கிவிட்டேன்.

1990இல் வெளிவந்த 'ட்ரெமர்ஸ்' படத்தில் நெவாடா பாலைவனத்து ஊர் ஒன்று வருகிறது. பெர்ஃபெக்‌ஷன் என்று பெயர். மண்ணுக்கடியில் ஊர்ந்து வந்து ஆட்களை விழுங்கும் ராட்சதப் புழுக்கள் அதைத் தாக்குகின்றன. ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை 14 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படித்த கணத்திலிருந்து நாம் நம்மையறியாமல் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறோம். மின்கோபுரத்தின் உச்சியில் துப்பாக்கியை அணைத்தபடி, கீழே இறங்க அஞ்சி, தண்ணீர் இல்லாமலேயே செத்துப்போன கிழவரைப் பார்த்ததும் படத்தின் நாயகர்களான வேல், எர்ல் இருவரும் "எட்கர்" என்று பெயர் சொல்கிறார்கள். மாநகரத்தை மிதித்துத் துவைக்கும் ராட்சதப் படங்களில் ஓடுகிற கூட்டத்தில் எவருக்காவது பெயர் உண்டா? மருத்துவரையும் அவர் மனைவியையும் சேர்த்து 14 பேர் உள்ள ஊரில் ஒருவர் செத்தால் ஒரு விரல் மடங்குகிறது. இந்த வகைப் படங்களின் ஈர்ப்பே அந்த மடங்கும் விரலில்தான் இருக்கிறது.

நள்ளிரவுக்காட்சி:
என் ஒற்றை வரிக்குத் தனி இழை தொடங்கிய பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் தங்கள் கையில் இரண்டு விரல்கள் கூடுதலாக இருக்கின்றன. மருத்துவரும் அவர் மனைவியும் ஊருக்குப் புதியவர்கள். வீட்டையே இன்னும் கட்டி முடிக்காதவர்கள். அவர்களுக்காக யாரும் தூரிகையோடு போய்ப் பலகையைத் திருத்தியதாகப் படத்தில் காட்சி இல்லை. ஆகவே பலகை சொல்லும் 14 பேரில் அவர்கள் இல்லை. எண்ணிக்கையே ஈர்ப்பு என்று முழங்குகிறவர் முதலில் சரியாக எண்ண வேண்டும்.

ஈர்ப்பு எது என்றும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் கால் வைத்தால் மாட்டிக்கொள்வாய், பாறையில் ஏறினால் பிழைப்பாய் என்ற விதி. நாம் எல்லோரும் சிறுவயதில் ஆடிய கல்லா மண்ணா ஆட்டம் அது. பாறையிலிருந்து பாறைக்குக் கழி ஊன்றித் தாவுகிறார்களே, அந்தக் காட்சியில் 14 பேர் இருந்தால் என்ன, 400 பேர் இருந்தால் என்ன?

கடைசிவரிசை:
எண்ணத் தெரியாதவன் என்று சொன்ன பிறகு எண்ணிக் காட்டாமல் இருக்க முடியாது. வேல், எர்ல், பர்ட், அவர் மனைவி ஹெதர், கடைக்காரர் வால்டர் சாங், நான்சி, அவர் மகள் மிண்டி, குறும்புக்காரன் மெல்வின், மிகெல், நெஸ்டர், ஆடு வளர்க்கும் முதியவர் ஃப்ரெட், கோபுரத்து எட்கர். இவர்கள் 12 பேர். மருத்துவரையும் அவர் மனைவியையும் சேர்த்தால் 14. நிலநடுக்கமானிகளைப் பார்க்க வந்த ரோண்டா வெளியூர் மாணவி, சாலைப் பணியாளர் இருவரும் வெளியாட்கள். கணக்கு கச்சிதமாக முடிகிறது. கச்சிதமாக முடியும் கணக்கில் இரண்டைக் கழித்தே தீருவேன் என்பவரிடம் நான் என்ன சொல்ல?

மண்புழு:
இருவருக்கும் வணக்கம். நகைச்சுவைத் திகில் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது அல்லவா? சிரிப்பதற்காகவே எடுத்த திகில் படமா, திகிலாக எடுக்கப் போய்ச் சிரிப்பாகிவிட்ட படமா? 1975இன் 'ஜாஸ்' படத்திலும் சிரிப்பு வரும் இடங்கள் இருக்கின்றன. அதுவும் ஒரு சிறிய தீவுச் சமூகம்தான். அது இந்தக் கணக்கில் வருமா?

நள்ளிரவுக்காட்சி:
வரையறையைப் பிறகு பார்க்கலாம். கடைசிவரிசையாரின் பட்டியலில் மெல்வினின் பெற்றோர் எங்கே? அந்தப் பையன் வானத்திலிருந்தா குதித்தான்? படத்தில் அவர்கள் தலைகாட்டவில்லை என்பதால் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. அவர்களைச் சேர்த்து, மருத்துவர் தம்பதியை நீக்கினாலும் 14 வருகிறது. தங்கள் கச்சிதத்தைவிட என் கச்சிதம் எவ்விதத்திலும் குறைந்ததன்று.

கடைசிவரிசை:
திரையில் தோன்றாத இருவரை உயிரோடு குடியமர்த்தி, திரையில் கண்ணெதிரே மண்ணுக்குள் போன இருவரை ஊரைவிட்டு விலக்குவது என்ன நியாயம்? அந்தக் காட்சியையே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இரவு நேரம். முதலில் மின்னாக்கி மண்ணுக்குள் போகிறது. பிறகு மருத்துவர். மனைவி காருக்குள் ஓடி ஒளிகிறார். கார் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்க இறங்க, முகவிளக்குகளின் வெளிச்சம் மெல்ல நிமிர்ந்து வானத்தை நோக்கிக் குத்திட்டு நிற்கிறது. அந்த ஒளிக்கற்றை அடங்குவதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் ஊர்க்கணக்கில் இல்லை" என்று சொல்கிறவருக்கு ரேஷன் அட்டை சரிபார்க்கும் வேலைதான் பொருத்தமாக இருக்கும்.

சுருள்படம்:
கடைசிவரிசைக்கு வழக்கம்போல வர்ணனை நன்றாக வருகிறது, விவாதம்தான் வருவதில்லை. சென்ற ஆண்டு, குட்டிப்பிசாசுகள் ஊரைச் சூறையாடும் 'கிரெம்லின்ஸ்' படத்தின் இழையில், அந்தப் படத்தைக் குழந்தைகள் படம் என்று இவர் எழுதியதும், 1984இல் பெற்றோர் எழுப்பிய முணுமுணுப்பால்தான் அமெரிக்காவில் 13 வயதுக்குரிய எச்சரிக்கையோடு ஒரு புதிய தரச்சான்றே பிறந்தது என்று நான் எடுத்துக்காட்டியதும், இவர் அதன்பின் அந்த இழைப் பக்கமே வராததும் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தப் படத்து ஊரான கிங்ஸ்டன் ஃபால்ஸில் எத்தனை பேர் வசித்தார்கள் என்று நினைத்துக்கொண்டா நாம் சிரித்தோம்?

கடைசிவரிசை:
சுருள்படம் ஐயா ஓராண்டாக நெஞ்சில் சுமந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டார், மகிழ்ச்சி. 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்துக்கும் அந்தத் தரச்சான்றில் சம பங்கு உண்டு என்பதை அன்றைக்கும் மறைத்தார், இன்றைக்கும் மறைக்கிறார்.

அவரே இழுத்த படத்திலிருந்து சொல்கிறேன். அந்த வீட்டு அம்மா சமையலறையில் தனியாக இருக்கிறார். ஒரு குட்டிப்பிசாசு கலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டு மாவை நக்கிக்கொண்டிருக்கிறது. அம்மா பொத்தானை அழுத்துகிறார். இன்னொன்று தட்டுகளை வீசுகிறது, அதற்குக் கத்தி. மூன்றாவதைப் பூச்சிமருந்து தெளித்து நுண்ணலை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார். இக்காட்சியில் நமக்குச் சிரிப்பும் அருவருப்பும் ஒரே மூச்சில் வருவதற்குக் காரணம், அந்த அம்மாவையும் அந்தச் சமையலறையையும் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான். தன் அடுப்படியை ஒருவர் தற்காக்கிறார். முகம் இல்லாத தீனி அடுப்படியைத் தற்காக்குமா?

'ட்ரெமர்ஸ்' படத்து பர்ட், ஹெதர் தம்பதியும் இப்படித்தான். வீட்டுச் சுவர் முழுக்கத் துப்பாக்கி மாட்டி வைத்திருக்கும் அவர்களைப் பார்த்து முதலில் நகைக்கிறோம். நிலவறைச் சுவரை உடைத்துக்கொண்டு புழு தலைநீட்டியதும், ஒன்று தீர்ந்தால் அடுத்தது என்று சுவரிலிருந்து எடுத்து எடுத்துச் சுட்டு, கடைசியில் யானை வேட்டைத் துப்பாக்கியால் முடிக்கிறார்கள். எந்தக் கிறுக்குத்தனத்தைக் கண்டு சிரித்தோமோ அதுவே உயிரைக் காக்கிறது. ஒருவரின் கிறுக்கு அடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமானால் ஊர் சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியது? 14 பேர், மருத்துவர் தம்பதி உட்பட.

நள்ளிரவுக்காட்சி:
அழகான உரை, கடைசி மூன்று சொற்களைத் தவிர.

2012இல் வந்த 'கிராபர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துத் தீவு ஒன்றுக்கு ரத்தம் குடிக்கும் வேற்றுக்கிரகப் பிராணி வருகிறது. மது கலந்த ரத்தம் அதற்கு நஞ்சு. அவ்வளவுதான் விதி. ஊரையே மதுவிடுதியில் அடைத்து, உண்மையைச் சொல்லாமல் விருந்து என்ற பெயரில் குடிக்க வைக்கிறார்கள். விதியை எடுத்துவிட்டால் படம் இல்லை. பாத்திரங்களை மாற்றிப் போட்டாலும் படம் இருக்கும். அந்தத் தீவின் மக்கள்தொகைப் பலகையைத் தாங்கள் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

கடைசிவரிசை:
குடிகார மீனவன் ஒருவன் கடிபட்டும் பிழைத்ததால்தான் அந்த விதியே அவர்களுக்குத் தெரிய வருகிறது. "இவன் எந்நேரமும் குடித்திருப்பவன்" என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. மாநகரத்தில் அவன் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு எண்ணாக இருந்திருப்பான், விதியும் கண்டுபிடிக்கப்பட்டிருக்காது. உங்கள் விதியைப் பெற்றெடுத்ததே என் ஊர்தான். தாயை மறந்து பிள்ளையைக் கொஞ்சுகிறீர்கள்.

மண்புழு:
2011இன் 'அட்டாக் தி பிளாக்' லண்டன் மாநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடக்கிறது. அதைச் சிறிய சமூகம் என்று கொள்வதா, மாநகரம் என்று கொள்வதா? இதற்காகத்தான் வரையறை கேட்டேன்.

சுருள்படம்:
மண்புழு நண்பரே, அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற இடத்தில் வரையறை கேட்டால் யார் தருவார்? எனக்கு வேறொரு ஐயம். 'ட்ரெமர்ஸ்' திரையரங்குகளில் சுமாராகவே ஓடிய படம். வீடியோ காசெட்டில்தான் பெரும் பெயர் பெற்றது. கடைசிவரிசை என்று பெயர் சூட்டிக்கொண்டவர் அதைத் திரையரங்கின் எந்த வரிசையிலிருந்து பார்த்தார்? தேய்ந்த காசெட்டில் பார்த்துவிட்டு, பலகையில் எழுதியிருந்ததைக் கல்வெட்டுப் படித்ததுபோல் இங்கே சாதிக்கிறார் என்றே தோன்றுகிறது. நான் பார்த்த காசெட்டில் அந்தப் பலகை ஒரு வெள்ளைக் கறைபோலத்தான் தெரிந்தது.

கடைசிவரிசை:
உங்கள் காசெட்டின் பூஞ்சைக்கு நான் பொறுப்பில்லை. ஆம், காசெட்டில்தான் பார்த்தேன், ஏழெட்டு முறை. வீட்டில் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, எவராவது தரையில் காலை இறக்கினால் மற்றவர்கள் அலறிய படம் அது. அதை அப்படிப் பார்த்தவர்களுக்கு, கூரைகளின்மீது ஊரே ஏறி நிற்கும்போது தாங்களும் அங்கே இருப்பதாகத் தோன்றும்.

நள்ளிரவுக்காட்சி:
தரையில் காலை இறக்கினால் அலறினீர்கள். மண்ணில் கால் வைக்கக் கூடாது என்ற விதிக்கு அலறினீர்கள். இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லிவருகிறேன். ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கடைசிவரிசை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்காக அலறினோம் என்பதுதான் கேள்வி. நெஸ்டர் நெஸ்டராக இருந்ததால் அலறினோம்.

நள்ளிரவுக்காட்சி:
நெஸ்டர் என்ன தொழில் செய்தார்? படத்தில் அவர் பேசிய வசனம் ஒன்றைச் சொல்லுங்கள், பார்ப்போம். முகம், பெயர், கிறுக்கு என்று இவ்வளவு நேரம் அளந்தீர்களே.

கடைசிவரிசை:
வசனத் தேர்வு வைக்க நீங்கள் தலைமையாசிரியரும் அல்லர், எழுத நான் மாணவனும் அல்லன். படத்திலேயே ஆட்டைக் கடித்து, ஆட்டுக்காரரைக் கடித்து, பிறகுதான் ஊரைக் கடிக்க வருகிறது. உங்கள் வாதமும் மருத்துவரைக் கடித்து, இப்போது நெஸ்டரைக் கடிக்கிறது. எஞ்சியவர்களையாவது விட்டுவையுங்கள். மொத்தம் 14 பேர். எட்கர், ஃப்ரெட், மருத்துவர், அவர் மனைவி, வால்டர், நெஸ்டர் என்று 6 பேர் போனபின் மிஞ்சியவர்கள் 8 பேர். படம் முடியும்போது அந்த 8 பேரின் பெயரையும் பார்வையாளர் சொல்ல முடியும்.

மண்புழு:
அப்படியானால் படத்தின் முடிவில் யாராவது பலகையில் 8 என்று மாற்றி எழுதினார்களா?

கடைசிவரிசை:
இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நள்ளிரவுக்காட்சி:
தொடர்பு உண்டு. 6 பேர் செத்தும் திருத்தாத பலகையை, 2 பேர் குடிவந்தபோது மட்டும் திருத்தியிருப்பார்களா? மேலும், ஊர்க்காரர்களில் இறந்தவர்கள் 4 பேர்; 6 பேர் அல்லர்.

கடைசிவரிசை:
6.